ஹெட் போல்ட்: இறுக்குவதும் மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்போது பிஸ்டன், ரிங், பேரிங், போரிங் கூலி என்று எல்லாவற்றுக்கும் பேரம் நடக்கும். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்கோடு (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளைப் பற்றி மட்டும் பேச்சே எழாது. ஆறு மாதத்தில் ஹெட் கேஸ்கட் (இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போனால் பழி கேஸ்கட் கம்பெனி மேல் விழும். பிரித்துப் பார்த்தால் பல நேரம் கோளாறு போல்ட்டில்தான் இருக்கும்.

சொந்தமாக வேலை பார்ப்பவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு இன்ஜின் வேண்டிய இடத்தில், முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த ஃபோக்ஸ்வேகன் 1.9 டிடிஐ டீசலை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வண்டிகளின் எண்கள் வேறாக இருக்கும். உங்கள் இன்ஜினின் ரிப்பேர் மேனுவலில் உள்ள எண்தான் உங்களுக்குச் செல்லும்.

ஹெட் போல்ட் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ஹெட்டையும் பிளாக்கையும் இணைக்கிறது என்பது பாதி பதில்தான். ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.9 டிடிஐயின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 79.5 மி.மீ. அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. அழுத்தம் 140 பார் வரை போகிறது என்று வைத்தால், ஒரு சிலிண்டரில் ஹெட்டைத் தூக்கும் விசை மட்டும் சுமார் 7 டன். 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 தடவை இந்த உதை விழுகிறது.

இதைத் தாங்க வேண்டுமானால், உதை வருவதற்கு முன்பே ஹெட் அதைவிடப் பல மடங்கு பலத்தோடு கீழே அமுக்கப்பட்டிருக்க வேண்டும். 10.9 தரத்தில் (இந்த எண்ணின் அர்த்தம் பின்னால் வரும்) 12 மி.மீ. போல்ட் ஒன்றை அதன் எல்லை வரை இழுத்தால் கிட்டத்தட்ட 7 டன் விசையோடு பிடிக்கும். ஒரு சிலிண்டரைச் சுற்றி அப்படி நான்கு போல்ட்.

அந்த விசை எங்கிருந்து வருகிறது? போல்ட் நீளுவதால் வருகிறது. இறுக்கும்போது போல்ட் இழுபட்டு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் கேஸ்கட்டை அமுக்குகிறது. இழுபடும் பகுதி 100 மி.மீ. இருந்தால், எல்லைக்குப் பக்கத்தில் அது நீளுவது வெறும் 0.4 மி.மீ. அளவு. உங்கள் கேஸ்கட், கூலண்ட், ஆயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது இந்த 0.4 மி.மீ. தயவில். ஹெட் போல்ட்டைத் திருகாணி என்று நினைக்காமல் கெட்டியான ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்களில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடானால் இரும்பு போல்ட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 130 மி.மீ. உயரமுள்ள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால், போல்ட்டைவிட 0.1 மி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாக விரிகிறது. 0.4 மி.மீ. நீண்டிருக்கும் போல்ட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வண்டி ஓவர்ஹீட் ஆனால் இந்த வித்தியாசம் இன்னும் எகிறும். அதனால்தான் ஒரு முறை நன்றாகக் கொதித்த இன்ஜினின் போல்ட்டுகளை நான் நம்புவதில்லை.

டார்க் ரெஞ்ச் "டிக்" என்றால் சரியாக இறுகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. டார்க் ரெஞ்ச் அளப்பது நீங்கள் திருப்பும் பலத்தை; நீங்கள் வைத்த எண் வந்ததும் டிக் என்கும். போல்ட் எவ்வளவு நீண்டது என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்குக் கீழே உள்ள உராய்வில் போய்விடும். சுமார் 40 சதவீதம் மரையில் உள்ள உராய்வில் போகும். மிச்சமுள்ள பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. இப்போது யோசியுங்கள்: மரையில் கொஞ்சம் துரு இருந்து உராய்வு கூடினால், அது தின்பது அந்தப் பத்திலிருந்துதான். உராய்வு 90லிருந்து 95 ஆனால், ரெஞ்ச் அதே எண்ணில் டிக் என்கும்; போல்ட்டில் பிடி பாதியாகிவிடும். உராய்வு 80 ஆனால் பிடி இரண்டு மடங்கு. நல்ல ரெஞ்ச், கவனமான கை இரண்டும் இருந்தும், டார்க் எண்ணை மட்டும் வைத்து இறுக்கினால் போல்ட்டுக்குப் போல்ட் 25, 30 சதவீதம் வரை வித்தியாசம் வரும் என்பதுதான் இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு.

அப்படியானால் "40, 60, அப்புறம் 90 டிகிரி, 90 டிகிரி" என்று மேனுவலில் இருப்பது எதற்கு?

மேலே சொன்ன குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான். 1.9 டிடிஐக்கு முதலில் எல்லா போல்ட்டும் 40 நியூட்டன் மீட்டர் (இனி என்.எம். என்றே எழுதுகிறேன்), அடுத்து 60 என்.எம்., அப்புறம் கால் சுற்று, கடைசியாக இன்னொரு கால் சுற்று.

60 என்.எம். வரை ரெஞ்சை நம்புவது, ஹெட், கேஸ்கட், பிளாக் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று உட்கார வேண்டும் என்பதற்காக. அந்தக் கட்டத்தில் போல்ட்டில் கடைசியாக வரவேண்டிய இழுவிசையில் பாதிகூட வந்திருக்காது. அதற்குப் பிறகு உராய்வு எவ்வளவு இருந்தாலும், போல்ட்டை அரைச் சுற்று திருப்பினால் மரை எவ்வளவு முன்னேறும் என்பது மாறாது. 12 மி.மீ. போல்ட்டில் வழக்கமான மரை இடைவெளி 1.75 மி.மீ. அரைச் சுற்றுக்கு 0.875 மி.மீ. அதில் ஒரு பங்கு கேஸ்கட்டும் ஹெட்டும் அமுங்குவதில் போகும். மிச்சம் போல்ட்டின் நீட்சி. பத்து போல்ட்டிலும் நீட்சி கிட்டத்தட்ட ஒன்றுபோல வரும்.

இப்படி இறுக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை, இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை வரையோ அதை லேசாகத் தாண்டியோ போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எல்லையைத் தொட்டபின் இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் பிடி பெரிதாகக் கூடாது, குறையவும் குறையாது. அதனால் எல்லா போல்ட்டும் ஒரே பிடிக்கு வந்து நிற்கும். ரோவர் கம்பெனியின் கே-சீரீஸ் இன்ஜினில் இது உச்சத்துக்குப் போனது: ஹெட்டிலிருந்து பிளாக்கைக் கடந்து அடிவரை போகும் நீள போல்ட்டுகள், வெறும் 20 என்.எம்., அப்புறம் 180 டிகிரி, மறுபடியும் 180 டிகிரி.

பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா? மெக்கானிக் "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எந்த வகை போல்ட் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

டிகிரி கணக்கில் இறுக்கும் போல்ட் என்றால், மேனுவல் வெளிப்படையாக "திரும்பப் பயன்படுத்தலாம்" என்று சொல்லாதவரை புது போல்ட்தான். 1.9 டிடிஐக்கு மேனுவல் ஒரே வரியில் சொல்கிறது: ஹெட் போல்ட்டை எப்போதும் மாற்ற வேண்டும். காரணம் ரப்பர் பேண்டைப் பார்த்தால் புரியும்: பலமுறை எல்லை வரை இழுத்த ரப்பர் பேண்ட் பார்க்க முழுசாக இருக்கும், கட்டினால் பிடிக்காது. எல்லை தாண்டி நீண்ட போல்ட்டும் அப்படித்தான். திரும்ப அரைச் சுற்று திருப்பும்போது அது இன்னும் நீளும், நடுவில் மெலியும். அன்றைக்கே உடைந்தால் நல்லது. உடையாமல் குறைந்த பிடியோடு நின்றால், ஆறு மாதம் கழித்து வேலூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ரேடியேட்டர் கொதிக்கும்போதுதான் தெரியவரும்.

சில கம்பெனிகள் அளந்து பார்த்துத் திரும்பப் போட அனுமதிக்கின்றன. டொயோட்டாவின் பல இன்ஜின்களில் போல்ட்டின் நீளத்தையோ மெலிந்த இடத்தின் விட்டத்தையோ அளக்கச் சொல்லி ஒரு எல்லை கொடுத்திருப்பார்கள். ரோவர் கே-சீரீஸில் ஹெட் இல்லாமல் போல்ட்டை அதன் துளையில் கையால் முழுக்கத் திருகி, பிளாக்கின் மேல்முகத்திலிருந்து போல்ட் தலையின் அடிவரை அளக்க வேண்டும். 97 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் போடலாம். கூடினால் தூக்கிப் போட வேண்டும். இப்படி எண் கொடுத்திருந்தால், வெர்னியரில் அளந்து அந்த எண்ணுக்குள் இருந்தால் பயன்படுத்துவதில் தப்பில்லை.

பழைய காலத்து இன்ஜின்கள் வேறு ஜாதி. அம்பாசடரில் வந்த பிஎம்சி 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இலங்கையில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனரின் ஏ-சீரீஸ் இன்ஜின் இரண்டிலும் ஹெட்டைப் பிடிப்பது ஸ்டட்டும் (பிளாக்கில் நிற்கும், தலையில்லாத மரைக்கம்பி) அதன் மேல் நட்டும். மைனருக்கு 40 ஃபுட் பவுண்டு, அதாவது சுமார் 54 என்.எம். அந்த அளவில் ஸ்டட் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. மரை நன்றாக இருந்தால் பல முறை பயன்படுத்தலாம். அந்த வண்டிகளில் வேலை கற்றவர்கள் "போல்ட்டை எதற்கு மாற்றணும்?" என்று கேட்பது இதனால்தான். அவர்கள் கற்றது அந்த இன்ஜினுக்குச் சரி.

செலவைப் பாருங்கள். ஒரு செட் போல்ட்டின் விலையை, ஹெட்டை மறுபடி கழற்றும் கூலி, இன்னொரு கேஸ்கட், இன்னொரு டைமிங் பெல்ட் வேலை, வண்டி நிற்கும் நாட்கள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

பழைய போல்ட் கெட்டுப்போனதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

மோசமாகக் கெட்டிருந்தால் முடியும். போல்ட்டை டீசலில் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக உருட்டுங்கள். மரை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பு போல ஒரு மெலிவு தெரிந்தால் அது முடிந்துபோன போல்ட். அதே மரையுள்ள புது நட் ஒன்றைக் கையால் திருகிப் பாருங்கள். சர்ரென்று போய்க்கொண்டிருந்த நட் நடுவில் ஒரு இடத்தில் இறுகிப் பிடித்தால், அங்கே மரை இழுபட்டு இடைவெளி மாறியிருக்கிறது. எல்லா போல்ட்டையும் தலைகீழாகக் கண்ணாடி மேல் நிறுத்தி உயரம் பார்ப்பதும் உதவும்.

ஆனால் இந்தச் சோதனைகள் கெட்டதைத்தான் காட்டும். தேறிய போல்ட் நல்ல போல்ட் என்று சொல்ல இவை போதாது.

அதே அளவு போல்ட் ஹார்டுவேர் கடையில் கால் விலைக்குக் கிடைக்கிறதே?

வேண்டவே வேண்டாம். சாதாரணமாகக் கடையில் கிடைப்பது 8.8 தரம். ஹெட் போல்ட்டுகள் பெரும்பாலும் 10.9 அல்லது அதற்கு மேல். முதல் எண் அதன் இழுவலிமை: 8 என்றால் 800 மெகாபாஸ்கல், 10 என்றால் 1000. புள்ளிக்குப் பின்னால் வருவது, அந்த வலிமையில் எத்தனை பங்கில் நிரந்தர நீட்சி தொடங்கும் என்பது. தரம் ஒன்றாகவே இருந்தாலும் ஹெட் போல்ட்டின் தண்டு மெலிந்திருக்கும் விதம், மரையின் நீளம், தலையடி வடிவம், மேல்பூச்சு எல்லாம் அந்த இன்ஜினுக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை. லேத் பட்டறையில் கடைந்து தருகிறேன் என்பதும் இதே ரகம்தான்.

போல்ட்டில் ஆயில் தடவணுமா, கூடாதா?

மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள், அதிலிருந்து ஒரு அடி நகராதீர்கள். டொயோட்டா பொதுவாக மரையிலும் தலைக்கு அடியிலும் இன்ஜின் ஆயில் லேசாகத் தடவச் சொல்லும். அங்கே உலர்வாகப் போட்டால் பிடி குறையும். சில புது போல்ட்டுகள் பூச்சோடு வரும், பாக்கெட்டிலேயே "ஆயில் வேண்டாம்" என்றிருக்கும். அங்கே ஆயில் தடவினால் அதே எண்ணில் பிடி எக்கச்சக்கமாக ஏறி, போல்ட்டோ பிளாக்கின் மரையோ போகும். ரேஸ் வேலைக்கு வரும் ஸ்டட் கம்பெனிகள் தங்கள் பேஸ்ட்டுக்கென்றே தனி எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்ஜின் ஆயில் தடவினால் கணக்கு மொத்தமும் தப்பு.

ஆயில் தடவச் சொன்ன இடத்தில் பலர் மரைக்கு மட்டும் தடவிவிட்டுத் தலையடியை மறந்துவிடுவார்கள். உராய்வில் பெரிய பங்கு அங்கேதான். வாஷர் தனியாக இருந்தால், உள்விளிம்பு சரிவாக வெட்டியிருக்கும் பக்கம் போல்ட் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். தண்டும் தலையும் சேரும் வளைவு அந்தச் சரிவில் உட்காரும்.

சில இன்ஜின்களில், உதாரணமாக ஷெவர்லேயின் சின்ன பிளாக் வி8இல், ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறக்கும். அங்கே மரையில் சீலண்ட் போடாவிட்டால் கூலண்ட் மரை வழியே மேலே ஏறிவிடும்.

பிளாக்கில் உள்ள துளையை அவ்வளவு சுத்தம் செய்யணுமா?

இந்த வேலையில் நான் மிகவும் வற்புறுத்தும் இடம் இது. ஹெட்டைத் தூக்கும்போது கூலண்டும் ஆயிலும் வழிந்து துளைகளில் தேங்கும். பெரும்பாலான துளைகளுக்கு அடி மூடியிருக்கும். உள்ளே தண்ணீரோ ஆயிலோ நிற்கும்போது போல்ட்டைத் திருகினால், அது போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். திரவம் அமுங்காது. அந்த அழுத்தத்தில் பிளாக் விரிசல் விடும். விரிசல் விடாவிட்டாலும், போல்ட் திரவத்தின் மேல் முட்டி நிற்பதை ரெஞ்ச் இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு டிக் என்கும். ஹெட் இறுகியிருக்காது.

செய்ய வேண்டியது இது. கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளைக்கும் பிரேக் கிளீனர் அடித்து, துணியைத் துளைமேல் சுற்றிப் பிடித்து, கம்ப்ரஸர் காற்றை மெல்லிய குழாயால் அடிவரை விட்டு ஊதுங்கள். முதல் தடவை கறுப்பாக வரும், அப்புறம் பழுப்பு, கடைசியில் துணி உலர்ந்து வரும். ஸ்க்ரூடிரைவரில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மறுபடி ஊதுங்கள். மரையில் கரி இருந்தால் மரை வெட்டும் டேப் கருவியை உள்ளே விடாதீர்கள், அது நல்ல இரும்பையும் சீவி எடுத்துவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றை எடுத்து, மரைக்குக் குறுக்கே நீளவாக்கில் கட்டிங் வீலால் இரண்டு மூன்று பள்ளம் வெட்டி, பிசிர் எடுத்து, அதைக் கையால் ஏற்றி இறக்குங்கள். அழுக்கு பள்ளத்தில் சேர்ந்து வந்துவிடும். பழைய போல்ட்டுக்கு நியாயமான வேலை அதுதான்.

எல்லாம் முடிந்ததும் புது போல்ட் ஒவ்வொன்றும் விரலால் கடைசிவரை இறங்க வேண்டும். விரலால் இறங்காத போல்ட்டில் ரெஞ்ச் போடாதீர்கள்.

எல்லா போல்ட்டும் ஒரே நீளமா?

பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா 4ஏ-எஃப்இ இன்ஜினில் இன்டேக் பக்கம் 90 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 108 மி.மீ. நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டால் அடியில் முட்டும். ரெஞ்ச் டிக் என்கும். அந்த மூலையில் கேஸ்கட் தளர்வாகவே இருக்கும். கழற்றும்போதே அட்டைப்பெட்டி மூடியில் ஹெட்டின் படம் வரைந்து, துளை போட்டு, அதனதன் இடத்தில் குத்தி வைப்பது நல்ல பழக்கம்.

கழற்றுவதற்கும் வரிசை உண்டா?

உண்டு. இறுக்குவது நடுவிலிருந்து வெளியே. கழற்றுவது வெளியிலிருந்து நடுவுக்கு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை பொறுங்கள். முதல் சுற்றில் எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி, அடுத்த சுற்றில் எடுங்கள். சூட்டோடு ஒரு ஓரத்தை முழுக்கக் கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும்.

இறுக்கும் வேலையை ஒரு தடவை முழுக்கச் சொல்லுங்களேன்.

1.9 டிடிஐயை வைத்தே சொல்கிறேன். பிளாக்கின் முகத்தையும் ஹெட்டின் முகத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று. ஸ்ட்ரெயிட் எட்ஜும் (நேர்க்கோல்) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவு பார்த்தாயிற்று. இந்த ஹெட்டுக்கு எல்லை 0.1 மி.மீ. டொயோட்டா 4ஏ-எஃப்இக்கு 0.05தான். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற கேஸ்கட்டை எடுத்தாயிற்று: 1.00 மி.மீ. வரை ஒரு துளை அடையாளம், 1.10 வரை இரண்டு, 1.20 வரை மூன்று. பிஸ்டன் எதுவும் உச்சியில் இல்லாதபடி கிராங்கைத் திருப்பி வைத்தாயிற்று.

கேஸ்கட்டை எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய வைத்து, ஹெட்டை நேராக இறக்குங்கள். போல்ட்டுகளை விரலால் இறக்குங்கள். இந்த போல்ட் தலையில் பன்னிரண்டு முனை உள்சாவி போடும் குழி இருக்கும். பழைய போல்ட்டைக் கழற்றும்போது அந்தக் குழியில் சேர்ந்த கசடைக் குத்தி எடுத்துவிட்டுச் சாவியைத் தட்டி முழுக்க இறக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை உருண்டு, ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போய்விடும்.

நடுவிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் மாறிமாறி வெளியே போகும் வரிசையில் பத்து போல்ட்டும் 40. திரும்ப நடுவிலிருந்து 60. ரெஞ்சை வெட்டி இழுக்காமல், ஒரே சீராக, டிக் கேட்கும்வரை மெதுவாக இழுத்து நிறுத்துங்கள். "ஒருக்கா செக் பண்ணுவோம்" என்று இரண்டாவது டிக் அடிக்காதீர்கள். அது கொஞ்சம் கூடுதல் திருப்பம்தான்.

இப்போது வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில் கோடு போடுங்கள். எல்லாக் கோடும் இன்ஜினின் முன்பக்கம் பார்க்கட்டும். நீளமான பவர் பார் எடுத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றும் கால் சுற்று. முடித்ததும் எல்லாக் கோடும் பக்கவாட்டில் நிற்கும். ஒன்று மட்டும் முன்னே பார்த்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டீர்கள் என்று கண்ணிலேயே தெரியும். மறுபடி அதே வரிசையில் கால் சுற்று. எல்லாக் கோடும் பின்னே பார்க்கும். கடைசிக் கால் சுற்றில் கை "இனி வேண்டாம், உடைந்துவிடும்" என்று சொல்லும். போல்ட் புதிது, துளை சுத்தம், மேனுவல் இதைத்தான் சொல்கிறது என்றால் நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்திய போல்ட்தான் பின்னால் கசியும்.

ஏர் கன் இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

டார்க் ரெஞ்சில் கவனிக்க வேண்டியது?

முதலில் அலகு. மேனுவலில் 60 என்.எம். என்றிருக்க, ரெஞ்சில் 60 ஃபுட் பவுண்டு வைத்து இழுத்தால் அது 81 என்.எம். ஒரு கிலோகிராம்-மீட்டர் 9.8 என்.எம்.; ஒரு ஃபுட் பவுண்டு 1.36 என்.எம். வேலை தொடங்குமுன் மாற்றிய எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

ரெஞ்சின் அளவெல்லையில் கீழ்ப்பகுதி நம்பகமில்லை. 200 வரை போகும் ரெஞ்சில் 20 என்.எம். இழுக்காதீர்கள், சின்ன ரெஞ்ச் எடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் கீழெண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள். கை டார்க் ரெஞ்சுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், வருடத்துக்கு ஒரு முறை அல்லது 5000 இழுப்புக்கு ஒரு முறை சரிபார்க்கச் சொல்கிறது. கீழே விழுந்த ரெஞ்ச் என்றால் உடனே. நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் எண் மாறாது. பக்கவாட்டில் நீளும் அடாப்டர் போட்டால் மாறும்.

500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கணுமா?

பழைய வகை கேஸ்கட், ஸ்டட் நட் வண்டி என்றால் ஆம். கேஸ்கட் சூட்டில் அமுங்கி 0.05 மி.மீ. இறங்கினாலே பிடி கணிசமாகக் குறைந்துவிடும். இன்ஜின் ஆறியபின் வரிசைப்படி ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி அதே எண்ணுக்கு இழுங்கள். தளர்த்தாமல் இழுத்தால், நின்றுபோன நட்டை அசைக்கவே பலம் போகும். ரெஞ்ச் பொய் சொல்லும். வால்வு கிளியரன்ஸையும் அப்போதே பாருங்கள்.

டிகிரி முறை போல்ட், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் என்றால் தொடவே கூடாது. "சும்மா ஒரு இழுப்பு" என்று இழுத்து நல்ல வேலையைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு போல்ட் மட்டும் சுற்றிக்கொண்டே போகிறது, இறுகவில்லை. என்ன செய்வது?

நிறுத்துங்கள். ஒன்று போல்ட் நீண்டு உடையப் போகிறது, அல்லது பிளாக்கின் மரை பிடுங்கிக்கொண்டு வருகிறது. மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டின் மரையில் அலுமினியச் சுருள் சுற்றியிருந்தால் பிளாக்கின் மரை போயிற்று.

அலுமினிய பிளாக்கில் இது தெரிந்த வியாதி. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ, அதாவது 2.4 லிட்டர் கேம்ரி இன்ஜினின் ஆரம்ப கால பிளாக்கில் பின்வரிசை மரைகள் பிடுங்கிக்கொண்டு வருவது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னால் வந்த பிளாக்கில் மரையை நீளமாக்கினார்கள். இதற்குத் தீர்வு, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி எஃகு மரைக்கூடு இறக்குவது. கம்பிச்சுருள் வகையான ஹெலிகாயிலைவிட, முழுக் குழாய் போன்ற டைம்-செர்ட் வகை ஹெட் போல்ட்டுக்கு நல்லது. துளை நேராக இறங்க வழிகாட்டித் தட்டு அவசியம். கைட்ரில்லில் கண் மதிப்பாகச் செய்யும் வேலை இல்லை. ஒரு மரை போன பிளாக்கில் அதே வரிசையின் மற்ற மரைகளையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

போல்ட் உள்ளேயே உடைந்துவிட்டால்?

உடைந்த துண்டில் இழுவிசை போய்விட்டதால் பெரும்பாலும் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நட் வைத்து வெல்டிங் அடித்து, ஆறுமுன் திருப்புங்கள். உள்ளே ஆழத்தில் என்றால் சரியான நடுவில் இடதுமரை ட்ரில் (கழற்றும் திசையில் சுற்றி வெட்டுவது) போடுங்கள். பல நேரம் ட்ரில் பிடித்ததும் துண்டே சுற்றிக்கொண்டு வந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த துண்டைப் பிடித்துக் கழற்றும் கருவி) வலுவாகத் திருப்பி அதையும் உள்ளே உடைத்துவிடாதீர்கள். அது ட்ரில்லுக்கும் அசையாத எஃகு.

போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டால் நல்லதா?

டர்போ அழுத்தம் கூட்டிய இன்ஜின், ராலி வண்டி என்றால் நல்லது. ஸ்டட் சுழலாமல் நிற்க நட் மட்டும் திரும்புவதால் பிளாக்கின் மரைக்கு வேதனை குறைவு, பிடியும் சீராக வரும். ஸ்டட்டைப் பிளாக்கில் விரலால் இறக்கினால் போதும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் வண்டிக்கு, கம்பெனி போல்ட் புதுசாகப் போட்டால் தாராளம். சில வண்டிகளில் ஸ்டட் போட்டுவிட்டால் இன்ஜினை இறக்காமல் ஹெட்டைத் தூக்கவே இடம் இருக்காது, அதையும் பாருங்கள்.

நான் வேலை பார்ப்பதில்லை, பட்டறையில்தான் கொடுக்கிறேன். என்ன கேட்கலாம்?

எஸ்டிமேட்டில் "ஹெட் போல்ட் செட்" என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், "அண்ணே, இந்த இன்ஜினுக்கு போல்ட் மாத்தணுமா, மேனுவல்ல என்ன போட்டிருக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பக்கத்தை எடுத்துக் காட்டுவார். ஹெட்டின் வளைவு எவ்வளவு வந்தது, ஃபேஸிங் போட்டால் (ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கினால்) எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எதனால் கொதித்தது என்பதையும் கேளுங்கள். தெர்மோஸ்டாட்டோ ரேடியேட்டர் ஃபேனோ அப்படியே இருந்தால், எந்தப் புது போல்ட்டாலும் அந்தக் கேஸ்கட்டைக் காப்பாற்ற முடியாது. வண்டி எடுக்கும்போது கழற்றிய பத்து போல்ட்டையும் புது போல்ட் வந்த பாக்கெட்டையும் சேர்த்து ஒரு கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.